ஜிம்மியோட கிளந்தான் கிளம்புற தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

நீ அம்மாகிட்ட சொன்ன பிளான் கோலாலம்பூர் வரைக்கும் வந்து சேர்ந்துடுச்சு. பினாங்குல இருந்து கார எடுத்துகிட்டு பாலிங், கிரிக், ஜெலி வழியா கிளந்தான்ல இருக்கற கோத்தா பாரு, அப்புறம் கடலோரமாவே குவாந்தான் வரைக்கும், பின்னாடி சீட்டுல ஜிம்மி, வேற யாரும் வேணாமாம். போக வேணாம்னு சொல்றதுக்கு அம்மா இருக்காங்க, நான் அதுக்கு எழுதல. தனியா போகாத, அவ்ளோதான். பொம்பளப் புள்ளைங்கறதால இல்ல, நாய் இருக்கறதால.

யோசிச்சுப் பாரு, ரெண்டு மணி நேரம் ஓட்டுவ, ரோட்டோரம் ஓய்வெடுக்கற ஒரு ஆர் அண்ட் ஆர்ல நிறுத்துவ, உனக்கு டாய்லெட் போகணும். ஜிம்மிய என்ன பண்ணுவ? உள்ள தூக்கிட்டுப் போக முடியாது, சாப்பாட்டுக் கடைங்க பக்கமும் சரிப்படாது, சூராவ், அதான் முஸ்லிம்கள் தொழுகை பண்ற அறை, இருக்கற இடம் வேற, மத்தவங்க மனசு கஷ்டப்படும். சரி அஞ்சு நிமிஷம்தானே, கார்லயே இருக்கட்டும்னு தோணும். அங்கதான் வினை. வெளிய 32 டிகிரி இருந்தா, மூடின கார் உள்ள பத்தே நிமிஷத்துல 43 வந்துடும், அர மணி நேரத்துல 50-ஐ தாண்டிடும், கண்ணாடிய ரெண்டு இன்ச் இறக்கி வச்சாலும் பெருசா வித்தியாசம் இல்ல. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்க தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளிய தள்ளும், அதுலயும் உன் ஜிம்மி ஷிட்ஸு, சப்ப மூக்கு, அந்த மூச்சே அதுக்கு ஒழுங்கா வராது. நாய்க்கு சாதாரணமாவே 38, 39 டிகிரி உடம்பு சூடு, அது 41-ஐ தாண்டிச்சுன்னா உயிருக்கே ஆபத்து. ஏர்கான் போட்டு எஞ்சின் ஓடட்டும்னு விட்டுட்டுப் போறதும் வேணாம், எஞ்சின் நின்னு போச்சுன்னா யாருக்குத் தெரியும்? அதான் சொல்றேன், ஒருத்தர் போகும்போது இன்னொருத்தர் நிழல்ல ஜிம்மியோட நிக்கணும். சாப்பாடும் அப்படித்தான், தாபாவ் பண்ணி, அதான் பார்சல் வாங்கி, மரத்தடியில உக்காந்து சாப்பிட வேண்டியதுதான் (கிளந்தான் ஸ்பெஷல் சோறு நாசி கெராபு, அப்படி சாப்பிட்டாலும் ருசியாத்தான் இருக்கும், கவலப்படாத).

டைம் நல்ல டைம்தான், அதுல குறை சொல்ல மாட்டேன். நவம்பர் வந்துட்டா கிழக்குக் கரையில பருவமழை, வெள்ளம். இப்ப வெயில், ஆனா கடல் நல்லா இருக்கும்.

கிரிக் - ஜெலி ரோட்டப் பத்தி கொஞ்சம் பேசணும். நானும் மாமாவும் ஒரு தடவ போயிருக்கோம், அழகுன்னா அப்படி ஒரு அழகு, தெமெங்கோர் ஏரி பாலத்துல நின்னா கிளம்ப மனசே வராது. 1982-ல திறந்த ரோடு, சுமார் 120 கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் காடு. கிரிக்லயே டேங்க் ஃபுல் பண்ணிக்கோ, போன் லைன் பல எடத்துல கிடைக்காது. இருட்டுல மட்டும் அதுல ஓட்டவே கூடாது. யானை கடக்கும்னு போட்டிருக்கற போர்டு சும்மா அலங்காரத்துக்கு இல்ல. 2025 மே மாசம் விடியறதுக்கு முன்னாடி அங்கதான் ஒரு குட்டி யானைய லாரி அடிச்சுடுச்சு, தாய் யானை லாரிய முட்டிக்கிட்டு நகராம நின்ன வீடியோவ நீதான் எனக்கு அனுப்பி அழுத எமோஜியா போட்ட, ஞாபகம் இருக்கா. அதனால காலையில பினாங்குல இருந்து வெள்ளனே கிளம்பு, வெயில் ஏறுறதுக்குள்ள பாதி தூரம் போயிடலாம், இருட்டறதுக்கு ரொம்ப முன்னாடியே ஜெலிய தாண்டிடலாம். வழியில யானை நின்னா தூரத்துலயே நிறுத்து, ஹாரன் அடிக்காத, ஜிம்மி குரைக்காம ஒருத்தர் அத மடியில பிடிச்சுக்கணும். பாரு, இதுக்கும் ரெண்டாவது ஆள் வேணும்.

தங்கற எடம் முன்னாடியே போன் பண்ணி நாய் இருக்குன்னு நேராவே சொல்லி புக் பண்ணு. ஒளிச்சு உள்ள கொண்டு போற வேல வேணாம், அங்க நெறய ஹோம்ஸ்டே மலாய்க்காரங்க வீடு, நாய் எச்சில் பட்டா அவங்க சமாக் பண்ணணும், அதாவது மார்க்க முறைப்படி மண்ணு கலந்த தண்ணியால கழுவி சுத்தம் பண்ணணும், அடுத்தவங்க நம்பிக்கையில வெளயாடறது நமக்கு அழகில்ல. சீனங்க நடத்துற எடம், தும்பாட் பக்கம் சயாமீஸ் கம்பங்கள்ல (கிராமங்கள்ல) இருக்கற எடம்னு விசாரிச்சுப் பாரு.

ஊசி கார்டு கையில இருக்கட்டும். 2015-ல பினாங்கு, கெடா, பெர்லிஸ்ல வெறிநாய் நோய் வந்தப்ப தெரு நாய்ங்க பட்ட பாடு உனக்குத் தெரியும், அதனால ரேபிஸ் ஊசி போட்டாச்சான்னு பாரு. ஆத்துல, அருவியில எறக்குறதுன்னா எலி மூத்திரத்துல வர்ற லெப்டோ நோய்க்கும் ஊசி இருக்கு, உண்ணி மருந்தும் கிளம்பறதுக்கு முன்னாடியே போட்டுடு, உண்ணி காய்ச்சல் நம்ம ஊர் நாய்ங்கள சத்தமில்லாம கொல்லுது. கிளந்தான்ல வெள்ளி, சனிதான் வார லீவு, நீ ஞாயித்துக்கிழம கிளினிக் பூட்டியிருக்கும்னு நெனச்சு வெள்ளிக்கிழம தேடிட்டு அலையாத, ஒரு கிளினிக் நம்பர முன்னாடியே எழுதி வச்சுக்கோ. ஜிம்மி ரொம்ப மூச்சு வாங்கி தள்ளாடுச்சுன்னா மொதல்ல சாதாரண தண்ணிய உடம்பு பூரா ஊத்தி விசிறு, அப்புறம் டாக்டர்கிட்ட ஓடு.

தம்பிகிட்ட நான் பேசிட்டேன். அவனுக்கு லீவு மிச்சம் இருக்காம், வர்றேன்னுட்டான், ஆனா பெட்ரோல், டோல் எல்லாம் உன் காசுதானாம், முன் சீட்டும் அவனுக்காம். ஒத்துக்கோ.

உன் அக்கா