பெரியவரின் தகரப் பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1971 போரில் பணியாற்றிய எங்கள் பக்கத்துப் பெரியவர் காலமாகிவிட்டார். ஓய்வு பெற்று வந்தபின் விதைப்பு, பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கோயில் வரி என எதையும் தள்ளிப்போடாத குடும்பஸ்தர். அவருடைய தகரப் பெட்டியில் படையிலிருந்து விடுவித்தபோது தந்த பணிவிடுப்புப் புத்தகம், ஓய்வூதிய ஆணை, அவரும் மனைவியும் சேர்ந்து எடுத்த புகைப்படம் எல்லாம் அடுக்கி இருந்தன. அப்படியும் ஒன்று இடறியது. புத்தகத்தில் மனைவி பெயர் 'மீனாட்சி', ஆதாரில் 'மீனாள்'. நம் பக்கம் வீட்டுக்கு வீடு இந்தச் சிக்கல் உண்டு. குடும்ப ஓய்வூதியம் இதில்தான் மாதக்கணக்கில் நிற்கிறது.

படைவீரர் உயிருடன் இருக்கும்போதே, பணிப் பதிவுகளை வைத்திருக்கும் படை ஆவண அலுவலகத்துக்கு அவர் கையெழுத்தில் எழுதி இதைத் திருத்திவிட வேண்டும். வழிகாட்ட, சிவகங்கையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஓய்வூதியம் வழங்குவோருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். தாமதித்தால், இறப்புக்குப் பின் கணக்கில் ஏறிய தொகையைத் திரும்பப் பிடிப்பார்கள். துக்க வீட்டில் அது பெரிய அடி.

பதக்கங்களைப் பித்தளைக் குத்துவிளக்கு போலப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பில் படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும், தேய்த்தால் மழுங்கிவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, கரையான் ஏறாத இடத்தில் வையுங்கள்.

- வாசகர்கள், காரைக்குடி