மெம்பிரேன் செய்வோருக்கு: தங்கத்தின் கணக்கு எங்கே?

கரைசலை வடிகட்டும் மெல்லிய சவ்வுகளான மெம்பிரேன்களை உருவாக்கும் ஆய்வாளர்களுக்கும் அவற்றை விற்கும் நிறுவனங்களுக்கும் வணக்கம்.

முலாம் பூசும் தொட்டிகளின் அலசுநீரிலிருந்தும் சுத்திகரிப்பில் மிஞ்சும் அமிலக் கரைசல்களிலிருந்தும் தங்கத்தை மீட்பது எங்கள் தொழில். உங்கள் விளக்கத்தாள்களில் ‘99% தடுப்பு’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். தடுப்பு என்பது, வடியும் நீரில் தங்கத்தின் செறிவு உள்ளே இருப்பதைவிட எத்தனை சதவீதம் குறைவு என்ற கணக்கு. எங்களுக்கு வேண்டியது அது அல்ல, மீட்பு: உள்ளே போன தங்கத்தில் எவ்வளவு கைக்குத் திரும்புகிறது என்பது. இரண்டும் ஒன்றல்ல என்பது உங்களுக்கும் தெரியும்.

கரைசல் சுருங்கச் சுருங்க உள்ளே செறிவு ஏறுகிறது. வடியும் நீரில் கசிவதும் கூடவே ஏறுகிறது. 100 லிட்டரை 10 லிட்டராகச் சுருக்கும்போது, தடுப்பு கடைசிவரை மாறாமல் 90% ஆகவே இருந்தாலும், ஏறத்தாழ 21% தங்கம் வடிநீரோடு போய்விடும். உங்கள் 99 சதவீத மெம்பிரேனும் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேலேயே விட்டுவிடும். இழப்பது செம்பு என்றால் பொறுத்துக்கொள்வோம்.

இன்னொரு வழியிலும் தங்கம் காணாமல் போகிறது. குளோரைடு கரைசலில் இருக்கும் தங்கம் எளிதில் ஒடுங்கக்கூடியது, அதாவது எலக்ட்ரான் பெற்று உலோகமாக மாறக்கூடியது. அமீன் தொகுதிகள் உள்ள பாலிமர் பரப்பில் ஒட்டிக்கொள்ளும், சில வேளை உலோகமாகவே படிந்துவிடும். அப்போது வடிநீரைச் சோதித்தால் தங்கம் இல்லை. தடுப்பு பிரமாதம்! ஆனால் உள்ளே சுருங்கி நிற்கும் அடர்கரைசலிலும் அது இல்லை. மெம்பிரேனைக் கழற்றி எரித்துச் சாம்பலில்தான் தேட வேண்டும்.

அதிகத் தடுப்பே எப்போதும் நல்லது என்பதும் சரியல்ல. சயனைடு கரைசலில் தங்கத்தின் அயனிக்கு ஒற்றை எதிர்மின்னூட்டம். செம்பின் சயனைடு அயனிகள் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ சுமப்பவை. எதிர்மின்னூட்டம் கொண்ட, நானோ அளவுத் துளைகள் உள்ள மெம்பிரேன் செம்பைப் பலமாகத் தள்ளி, தங்கத்துக்கு வழிவிடும். இரண்டையும் பிரிக்க எங்களுக்கு வேண்டியது அந்தக் குணம்தான். அதை ‘குறைந்த தடுப்பு’ என்று ஒதுக்கி, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் மெம்பிரேனையே முன்னால் வைக்கிறீர்கள்.

காய்ச்சி வடித்த நீரில் தூய தங்க உப்பைக் கரைத்துச் செய்யும் சோதனையும் எங்களுக்குப் பெரிதாக உதவாது. எங்கள் கரைசலில் நிக்கல் இருக்கும், பளபளப்பூட்டும் கரிமச் சேர்மங்கள் இருக்கும், தங்கத்தைக் கரைக்கும் அமிலக் கலவையான ராஜதிராவகத்தின் மிச்சமும் இருக்கும். அதிலுள்ள குளோரின் மெம்பிரேனின் பாலிஅமைடை அரித்துவிடுகிறது.

எனவே ஒரே ஒரு வேண்டுகோள். உள்ளே போன தங்கம் எத்தனை மில்லிகிராம், அடர்கரைசலில் எவ்வளவு, வடிநீரில் எவ்வளவு, கழுவிய நீரில் எவ்வளவு, மெம்பிரேனிலேயே தங்கியது எவ்வளவு என்று எடையில் எழுதுங்கள். கூட்டுத்தொகை உள்ளே போனதைவிடக் குறைந்தால், குறைந்ததை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கரைசல்களோடு மாரடிக்கும் ஒரு சுத்திகரிப்பாளர்