ஸ்கேலில் அச்சு: முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் ஸ்கேல் இரண்டும் கிடைத்தன. மதனிக்கு முழங்கால் வலி குறைந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே சின்னவளுக்குக் கோவையிலேயே கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் ஸ்கேல் பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்; அதில் அச்சடித்தால் இங்க் ஒட்டுமா என்று நீ கவலைப்படவே வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் டப்பா என்றால் தீயில் காட்டியோ கொரோனா (மேற்பரப்பில் பாய்ச்சும் மின்பொறி) கொடுத்தோதான் அச்சடிக்க முடியும். பாலிஸ்டைரினுக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை. பயப்பட வேண்டியது தின்னருக்குத்தான், அதாவது இங்க்கை இளக்கக் கலக்கும் திரவத்துக்கு. அசிட்டோன், டொலுயீன், எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) மூன்றுமே பாலிஸ்டைரினைக் கரைப்பவை. மேற்பரப்பை லேசாகக் கடித்தால் இங்க்குக்கு நல்ல பிடிப்பு; கொஞ்சம் கூடினால் பொருளே போச்சு.

நீ அனுப்பியதில் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மில்லிமீட்டர் கோடுகளின் நுனியிலிருந்து முடி போல வெள்ளைக் கீறல்கள் ஓடுகின்றன. மோல்டில் பிளாஸ்டிக் உள்ளே நுழையும் பக்கம்தான் அதிகம். அவசரமாகக் குளிர்ந்த இடத்தில் இழுவிசை உள்ளேயே தங்கிவிடும், தின்னர் பட்டதும் அங்கேதான் பிளக்கும். பிள்ளைகள் வளைத்து விளையாடினால் அந்தக் கோட்டிலேயே உடையும். இங்க்கை மாற்றுவதோடு மோல்டிங்கையும் கவனி.

கண்ணாடி போன்ற ஸ்கேலுக்கு ஹாட் ஸ்டாம்பிங் ஃபாயில்தான் (சூடான அச்சால் ஃபாயிலின் நிறத்தை அழுத்திப் பதிப்பது) என் முதல் தேர்வு. தின்னரே கிடையாது, அடித்த கையோடு பேக் செய்யலாம். ஆனால் பாலிஸ்டைரின் 100 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், அதனால் சூடான அச்சு பட்டதும் எடுத்துவிட வேண்டும். ஸ்கிரீன் பிரிண்டிங்தான் என்றால் பாலிஸ்டைரினுக்கென்று விற்கிற இங்க்கும் அதற்குச் சொன்ன தின்னரும் மட்டும் வாங்கு. யு.வி. இங்க்கில் (புற ஊதா ஒளியில் காய்வது) தின்னர் இல்லை என்று விற்பவர் அடித்துச் சொல்வார். அதில் உள்ள சில மோனோமர்களும் (ஒளி பட்டதும் இணைந்து இறுகும் சிறு மூலக்கூறுகள்) பிளாஸ்டிக்கைக் கடிக்கும், நம்பிவிடாதே.

பேட்ச் நம்பர் போடும் இங்க்ஜெட்டில் வழக்கமாக எம்.இ.கே. இங்க்தான் இருக்கும். எத்தனால் இங்க் ஓடுமா என்று கேள். தெர்மாகோலும் நுரையாக்கிய பாலிஸ்டைரின்தான்; அந்தப் பெட்டிக்குத் தண்ணீர் இங்க்கில் ரப்பர் ஸ்டாம்ப் போதும். அதில் பெரும்பகுதி காற்றுதானே, ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் குழி விழும்.

அப்புறம், அச்சு மெஷினுக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு ஸ்கேலை லேசாக வளைத்துக் கட்டி, இங்க்கைத் தடவி ஒரு நாள் வைத்துப் பார். கீறல் விழாவிட்டால் செலோ டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்து, இங்க் உரிகிறதா என்று பார். இரண்டிலும் தேறிய துண்டை எனக்கு அனுப்பு, அதற்குப் பிறகு விலை பேசலாம்.

அன்புடன்,
சேகர்