முதல் இணையதளம் கட்டும் பிள்ளைகளுக்கு லிங்க் போடக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக இணையதளம் உருவாக்குவது பற்றி உங்கள் மாணவர் பகுதியில் வரும் தொடரை, காரைக்குடியில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் விடாமல் படித்து வருகிறேன். நல்ல முயற்சி. ஆனால் நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் வாரக்கணக்கில் இடம் கொடுத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க் போடுவதை நாலே வரியில் முடித்துவிட்டீர்கள். அது எனக்கு ஒப்பவில்லை. பிள்ளைகள் தடுமாறுவதே அந்த இடத்தில்தான்.

என்னிடம் படிக்கும் ஒரு மாணவி நம் பகுதியைப் பற்றித் தளம் செய்தாள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடி கல்லுக்கு ஒரு பக்கம், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கண்டாங்கிச் சேலைக்கு ஒரு பக்கம், இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று நகரத்தார் கோயில்கள் ஒன்பதுக்கும் தனித்தனிப் பக்கம். கண்ணாடித் தகட்டின் மேல் சாயத்தை ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் போட்டுக் கல் எடுப்பதைப் பட்டறைக்கே போய்ப் பார்த்து அவ்வளவு அழகாக எழுதியிருந்தாள். வீட்டுக் கணினியில் எல்லாப் பக்கமும் திறந்தது. தளத்தை இணையத்தில் ஏற்றி, சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பினால், முதல் பக்கத்தைத் தவிர ஒன்றுகூடத் திறக்கவில்லை. பிள்ளைக்கு முகமே வாடிவிட்டது.

பக்கத்தை எழுதிய எச்டிஎம்எல் குறிமொழியைப் பிரித்துப் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரிந்தது. லிங்க் போடும் ஏ டேக்கில், போக வேண்டிய முகவரியை எழுதும் எச்ரெஃப் என்ற இடத்தில், அவள் கணினியின் சி டிரைவில் தொடங்கி, பயனர் பெயர், டெஸ்க்டாப் என்று முழுப் பாதையும் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாதை அந்த ஒரு கணினியில் மட்டும்தான் இருக்கும். அடுத்தவர் திறந்தால் உலாவி அதை எங்கே போய்த் தேடும்? போதாக்குறைக்கு வீட்டுக் கணினியில் வைத்திருக்கும் பெயரும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது.

நான் இதை வீட்டை வைத்துத்தான் விளக்குவேன். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், நிற்கிறவரிடம் இரண்டாம் கட்டுக்குப் போங்கள் என்றால் போதும். தெரு, ஊர், பின்கோடு எல்லாம் சொல்ல மாட்டோம். ஒரே தளத்துக்குள் போடும் லிங்க்கும் அப்படித்தான். இரண்டு பக்கமும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் கோப்பின் பெயரை மட்டும் எழுதினால் போதும். கோயில் பக்கங்களைத் தனி ஃபோல்டரில் வைத்திருந்தால் ஃபோல்டர் பெயர், ஒரு சாய்கோடு, கோப்பின் பெயர். அங்கிருந்து திரும்பி மேலே வர இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும். வெளித் தளத்துக்குப் போகும்போது மட்டும்தான் எச்டிடிபிஎஸ் தொடங்கி முழு முகவரி வேண்டும்.

அடுத்த தொல்லை கோப்பின் பெயர். விண்டோஸ் கணினி ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது. தளம் போய் உட்காரும் சர்வரோ பெரும்பாலும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும், அதற்கு இரண்டும் வேறு வேறு. வீட்டில் ஓடிய லிங்க் சர்வரில் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்று நிற்பதற்குப் பல நேரம் காரணம் இவ்வளவுதான். அதனால் எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கூடாது, தேவைப்பட்டால் ஒரு சிறு கோடு என்று முதல் நாளே பழக்கிவிட வேண்டும். தளத்தை ஏற்றியதும் தன் கணினியில் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல், வேறொருவர் செல்போனில் ஒவ்வொரு லிங்க்கையும் தட்டிப் பார்க்கவும் சொல்ல வேண்டும்.

உங்கள் தொடரில் ஒரு விஷயம் உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. மாதிரிப் பக்கத்தில் எல்லா லிங்க்கும் 'இங்கே கிளிக் செய்யவும்' என்றே இருக்கிறது. பார்வையற்றவர்கள் திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் மென்பொருளை வைத்துத்தான் தளங்களைப் படிக்கிறார்கள். அதில் இன்சர்ட்டும் எஃப்7-ம் சேர்த்து அழுத்தினால் பக்கத்தில் உள்ள லிங்க்குகள் மட்டும் பட்டியலாக வரும். பட்டியல் முழுக்க 'இங்கே கிளிக் செய்யவும்' என்று வந்தால் அவர் எதைத் திறப்பார்? 'பிள்ளையார்பட்டி கோயில்', 'கண்டாங்கி நெய்யும் முறை' என்று போகும் இடத்தின் பெயரையே லிங்க்காக வைத்தால் அவருக்கும் புரியும், கூகுளுக்கும் புரியும், சும்மா கண்ணை ஓட்டுகிறவருக்கும் புரியும்.

அப்புறம், உள்ளே இருக்கும் எந்தப் பக்கத்திலிருந்தும் முதல் பக்கத்துக்கு வர வழி வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் முதல் பக்கம் வழியாக வருவதில்லை, தேடுபொறியிலிருந்து நேராக இரணியூர் கோயிலைப் பற்றிய பக்கத்தில் வந்து இறங்குகிறவருக்குத் தளத்தில் வேறு என்ன இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். எங்கிருந்தும் லிங்க் இல்லாத பக்கமோ, எழுதியும் எழுதாத கணக்குதான்.

இதெல்லாம் நுணுக்கம், பிறகு படித்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1989-ல், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் தன் திட்டத்தை எழுதிக் கொடுத்தபோது அதன் மையமே ஆவணங்களை ஒன்றோடொன்று இணைப்பதுதான். நிறமும் அலங்காரமும் பின்னால் வந்து சேர்ந்தவை. யாரிடமும் அனுமதி கேட்காமல் யார் பக்கத்துக்கும் லிங்க் போடலாம் என்பதால்தான் வலை இவ்வளவு பெரிதாக வளர்ந்தது. அதே காரணத்தால், நாம் ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் நமக்கு லிங்க் கொடுத்தவருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே பெயரை யோசித்து வையுங்கள், வைத்தபின் மாற்றாதீர்கள் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் படம் சேர்ப்பது பற்றி எழுதப்போவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு முழு வாரத்தை லிங்க்குக்குக் கொடுங்கள்; கூடவே மாதிரிப் பக்கத்தில் இருக்கும் அந்த 'இங்கே கிளிக் செய்யவும்' எல்லாவற்றையும் திருத்தி மறுபடி வெளியிடுங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து அப்படியே எழுதுகிறார்கள்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
காரைக்குடி