ஊதா நிற வரைபடத்தை அனுப்பும் முன்: பனிப்புயல் கணிக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட், பாஸ்டன் பக்கம் இருந்துகொண்டு குளிர்காலப் புயல்களைக் கணித்துத் தமிழ்க் குழுக்களில் பகிரும் நண்பர்களுக்கு வணக்கம்.

புயலுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கும். அதற்குள் "எடிசனில் 28 அங்குலம்" என்று ஓர் ஊதா நிற வரைபடம் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. ஒருவர் விமானப் பயணத்தை மாற்றுகிறார். இந்தியக் கடைகளில் பாலும் தோசை மாவும் காலி. நான்கு நாள் கழித்து, அந்தப் படத்தைத் தந்த அதே கணினி வானிலை மாடல் புயலைக் கடலுக்குள் தள்ளிவிடுகிறது. படத்தை அனுப்பியவர் அதைச் சொல்வதில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள், அந்த எண் எதனால் மாறும் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.

முதலில் பாதை. இங்கே கரையோரக் குளிர்காலப் புயலை 'நார்ஈஸ்டர்' என்பதும் ஊரில் 'வடகிழக்குப் பருவமழை' என்பதும் காற்று எங்கிருந்து வீசுகிறது என்பதை வைத்து வந்த பெயர்கள். புயல் வருவது என்னவோ தென்மேற்கிலிருந்துதான். பெரும்பாலும் வட கரோலினாவின் ஹேட்டரஸ் முனைப் பக்கம் கடலில் உருவாகி, கரையை ஒட்டி மேலேறும். நாண்டக்கெட் தீவுக்குத் தென்கிழக்கே, வட அட்சம் 40, மேற்குத் தீர்க்கம் 70 என்ற புள்ளியைத்தான் 'பெஞ்ச்மார்க்' என்கிறோம். தாழ்வு மையம் அதன் அருகே போனால் கரையோர நகரங்களுக்கு நல்ல பனி. வெகுவாக மேற்கே வந்தால் கரையில் மழை, மலைப்பகுதியில் பனி. கிழக்கே விலகினால் மீன்களுக்குத்தான் பனி.

அந்தப் பாதையை எட்டு நாள் முன்பே சொல்ல முடியாததற்குக் காரணம் இருக்கிறது. புயலைத் தூண்டும் மேலடுக்கு அலை (உயரத்தில் ஓடும் காற்றோட்டத்தின் வளைவு) அப்போது பசிபிக் பெருங்கடலின் மேல் இருக்கும். செயற்கைக்கோள் அதைப் பார்க்கிறது. ஆனால் நாளுக்கு இருமுறை பறக்கும் வானிலை பலூன்களின் வலைக்குள் அது முழுதாக வருவது அமெரிக்காவின் மேற்குக் கரையேறிய பிறகுதான். போதாததற்கு, வடக்கிலிருந்து இறங்கும் அலையும் தெற்கே ஓடும் அலையும் சரியான இடத்தில் கைகோர்க்க வேண்டும். ஆறு மணி நேரம் பிந்தினாலும் புயல் கடலோடு போய்விடும்.

ஆகவே ஒற்றை ரன்னை (மாடலை ஒருமுறை ஓட்டிய முடிவை) விட்டு என்செம்பிளைப் பாருங்கள்; அது தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி அதே மாடலைப் பலமுறை ஓட்டிய தொகுப்பு. ஐரோப்பிய மாடலுக்கு 51 உறுப்புகள், அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ்ஸுக்கு 31. தாழ்வு மையங்கள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்பதே செய்தி. ஒரு கூட்டம் கரையோரமும் இன்னொரு கூட்டம் நடுக்கடலிலும் இருந்தால் சராசரி எடுக்காதீர்கள். அந்தச் சராசரிப் பாதையில் எந்தப் புயலும் போகப்போவதில்லை.

"ஐரோப்பிய மாடல் சொன்னால் சொன்னதுதான்" என்பவர்களுக்கு 2015 ஜனவரி 26, 27 தேதிகளை நினைவூட்டுகிறோம். 2012இல் சாண்டி புயல் கரைப்பக்கம் திரும்பும் என்று முதலில் காட்டிய பெருமையில் அந்த மாடல் இருந்தது. 2015இல் அது நியூயார்க் நகருக்குப் பெரும்பனி காட்டியது. ஜிஎஃப்எஸ் குறைவாகக் காட்டியது. அதிகாரபூர்வ முன்னறிவிப்பு 20 முதல் 30 அங்குலம். சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8 அங்குலம். புயல் ஒன்றும் பொய்யில்லை: லாங் ஐலண்டின் ஐஸ்லிப்பில் 24.9, பாஸ்டனில் 24.6. கனத்த பனியின் மேற்கு ஓரம் கொஞ்சம் கிழக்கே தள்ளி நின்றது, அவ்வளவுதான். தேசிய வானிலைச் சேவையின் மவுண்ட் ஹாலி அலுவலகத் தலைவர் அன்று வெளிப்படையாக மன்னிப்பே கேட்டார். தவறிய படத்துக்காக நம் குழுக்களில் யாரும் அப்படிக் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

அடுத்தது, அதிகம் ஏமாற்றும் விஷயம்: பனி விகிதம். நீங்கள் பகிரும் வரைபடங்களில் பல, ஓர் அங்குல நீருக்குப் பத்து அங்குலப் பனி என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்குபவை. நிலத்தருகே வெப்பநிலை உறைநிலையை ஒட்டியிருந்தால் ஏழுக்கு ஒன்றுகூடத் தேறாது. மேகத்துக்குள் மைனஸ் 12 முதல் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அடுக்கில் காற்று வலுவாக மேலெழுந்தால் பதினைந்துக்கு ஒன்று, அதற்கு மேலும் போகும். ஆக 1.4 அங்குல நீர் என்பது பத்து அங்குலமாகவும் இருக்கலாம், இருபத்தொன்றாகவும் இருக்கலாம். படம் காட்டுவதோ 14.

இதைவிட மோசம் ஸ்லீட் எனப்படும் ஐஸ் குருணை, அதாவது நடுவானில் உருகி, தரைக்கு வருமுன் மீண்டும் உறைந்த பனி. பல படங்கள் அதையும் பனிக் கணக்கிலேயே சேர்த்துவிடுகின்றன. அந்த 1.4 அங்குலத்தில் 0.6 குருணையாக விழுந்தால், மீதி 0.8 ஒன்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஏழு அங்குலப் பனி. குருணை ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு அங்குலம். மொத்தம் ஒன்பதை ஒட்டி. அதைத் தள்ளுவது பதினான்கு அங்குலப் பனியைத் தள்ளுவதைவிடக் கடினம் என்பது வேறு கதை.

குருணை வருமா என்று பார்க்க, காற்றழுத்தம் 850 மில்லிபாராக இருக்கும் உயரத்தின் வெப்பநிலை மட்டும் போதாது. ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 2 என்று பார்த்துச் சந்தோஷப்படுவீர்கள். இரண்டு, இரண்டரை கிலோமீட்டரில் பிளஸ் 1 ஒளிந்திருக்கும். வெப்பக் காற்று முதலில் நுழைவது பெரும்பாலும் அந்த உயரத்தில்தான். உங்கள் ஊருக்கு மேலே உயரத்துக்கு உயரம் வெப்பநிலையைக் காட்டும் செங்குத்து விவரப்படத்தைத் திறந்து, கோடு எங்காவது பூஜ்யத்தைத் தாண்டுகிறதா என்று தரையிலிருந்து மேல்வரை விரல் வைத்துப் பாருங்கள். கியூபெக் மேல் உயரழுத்தம் நிலையாக நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது கடலுக்கு நகர்ந்துவிட்டால் குளிர்காற்றின் வரத்து நின்றுபோகும். டிசம்பர் புயலில் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால் கரையோரத்துக்குக் கூடுதல் ஆபத்து.

கனத்த பனிப்பட்டைகள், அதாவது பனி கொட்டும் குறுகிய நீள் பகுதிகள், தாழ்வு மையத்தின் வடமேற்கே அமையும். பட்டைக்குள் மணிக்கு இரண்டு, மூன்று அங்குலம்; அதை ஒட்டிய பகுதியில் காற்று கீழிறங்குவதால் பொடிப்பொடியாகத் தூறும். பட்டை எந்த ஊரின் மேல் உட்காரும் என்பதை அரைநாளுக்கு முன் சொல்பவரை நம்பாதீர்கள். வெளி ஓரமும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். 2016 ஜனவரிப் புயலில் சென்ட்ரல் பார்க் 27.5 அங்குலம் கண்டது. அதே ஹட்சன் ஆற்றங்கரையில் வடக்கே உள்ள ஆல்பனியில் மண்வாரிக்கு வேலையே இல்லை.

எப்போது எதைச் சொல்லலாம்? ஐந்து நாளுக்கு முன் "கவனிக்க வேண்டிய ஒன்று" என்பதற்கு மேல் வேண்டாம். மூன்று, நான்கு நாளில் இரண்டு சாத்தியங்களைச் சொல்லி, எது நடக்க எது நிகழ வேண்டும் என்று எழுதுங்கள். அங்குலம் பேசுவது கடைசி 48 மணி நேரத்தில். அதுவும் "5 முதல் 9, குருணை கலந்தால் 3" என்ற வடிவில். காலை ஏழு மணிக் கணக்கில் தொடங்கும் ரன்னில் ஜிஎஃப்எஸ் பத்தரை வாக்கிலும் ஐரோப்பியது மதியம் ஒரு மணி வாக்கிலும் வரும். இரண்டையும் பார்த்த பிறகு எழுதினால் போதும்; நள்ளிரவு ரன்னுக்காகக் கண்விழித்து யாரையும் எழுப்ப வேண்டாம். உள்ளூர் அலுவலகத்தின் முன்னறிவிப்பு விவாதக் குறிப்பையும் வாசியுங்கள். நியூஜெர்சியின் எடிசன் மவுண்ட் ஹாலி அலுவலகத்துக்குக் கீழ், ஜெர்சி சிட்டி அப்டன் அலுவலகத்துக்குக் கீழ். ஒன்றின் எச்சரிக்கையை மற்றதற்கு அனுப்பிக் குழப்புவது வாடிக்கையாகிவிட்டது.

'பிளிஸார்ட்' என்ற சொல்லையும் சிக்கனமாகச் செலவழியுங்கள். அது பனியின் அளவைக் குறிப்பதல்ல. மணிக்கு 35 மைல் காற்று அல்லது அடிக்கடி அந்த வேகத்தில் வீச்சு, கால் மைலுக்குக் கீழ் பார்வைத் தூரம், இரண்டும் மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும்.

புயல் வந்துபோன பின் அளவெடுத்து, உங்கள் கணிப்புக்குப் பக்கத்திலேயே போடுங்கள். அளக்க, இரண்டடிக்கு இரண்டடி ஒட்டுப்பலகை, வெள்ளை பெயிண்ட், பத்திலொரு பங்கு அங்குலம் காட்டும் அளவுகோல் போதும். சுவர், மரம், கூரை விளிம்பு இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் பலகையைத் துடைக்காதீர்கள். அடிக்கடி துடைத்தால் பனி தன் எடையில் அமுங்க நேரமில்லாமல் மொத்தம் ஊதிப்போகும். 1997 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்து மான்டேகில் ஒரே நாளில் அளந்த 77 அங்குலம், அளவெடுத்த தடவைகள் அதிகம் என்பதாலேயே சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. பலகைக்குப் பக்கத்தில் கொடி கட்டிய குச்சி ஒன்றும் வேண்டும். 2016 புயலில் வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் பலகை பனிக்குள் காணாமல்போய், 17.8 அங்குலம் என்ற அளவே சர்ச்சையானது.

பெயிண்ட் அடிப்பதை நவம்பரிலேயே முடித்துவிடுங்கள். குளிர் இறங்கிய பிறகு அது காய்வதே இல்லை.