நாலு பேர் இருந்து கதைத்தாலே படம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கள் வாரப் பதிப்பில் சினிமாப் பக்கம் தவறாமல் வருகிறது, சந்தோசம். ஆனால் தொலைக்காட்சிக்கென்றே அந்தக் காலத்தில் எடுத்த படங்களைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. சண்டை இல்லை, பாட்டு இல்லை, ஒரு மேசையைச் சுற்றி நாலு பேர் இருந்து கதைப்பார்கள், அவ்வளவுதான், ஆனாலும் எழும்ப மனம் வராது.

'12 ஆங்ரி மென்' என்றால் பலருக்கு 1957இல் வந்த சினிமாதான் தெரியும். அது முதலில் 1954இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் நேரடியாக நடித்துக் காட்டிய ஒரு மணி நேர நாடகம், எழுதியவர் ரெஜினால்ட் ரோஸ். ஒரு பெடியன் மேல் கொலை வழக்கு, ஓர் அறைக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டிய 12 ஜூரிமார், 11 பேர் பெடியன் குற்றவாளிதான் என்கிறார்கள், ஒருவர் மட்டும் முதலில் கதைத்துப் பார்ப்போம் என்கிறார். கொலைக்குப் பாவித்த கத்தி மாதிரி இன்னொன்று கிடைக்கவே கிடைக்காது என்று மற்றவர்கள் அடித்துச் சொல்லும்போது, அவர் பொக்கற்றிலிருந்து அச்சொட்டாக அதே மாதிரிக் கத்தியை எடுத்து மேசையில் குத்துவார். நெஞ்சு திக்கென்றிருக்கும்!

அப்போது கமரா பாரம், வீட்டுத் திரையோ சின்னது, தூரத்துக் காட்சி எடுபடாது, அதனால் முகத்துக்குக் கிட்டப் போனார்கள். பேச்சு நின்ற பிறகும் முகம் கதைத்துக்கொண்டிருக்கும். பிபிசியும் 1970 முதல் 1984 வரை 'பிளே ஃபோர் டுடே' வரிசையில் இப்படித் தனித்தனி நாடகங்களைத் தந்தது, ஒரே இரவில் கதை முடிந்துவிடும்.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல், பற்றரியும் கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட வன்னிச் சனத்துக்கு இது புதிதில்லை. ரேடியோ நாடகத்தில் ஒருவரின் குரல் கொஞ்சம் இறங்கினாலே ஏதோ நடக்கப்போகிறது என்று விளங்கிவிடும். இப்போதோ பின்னேரமானால் வீட்டுக்கு வீடு சீரியல், ஒருவர் திரும்பிப் பார்த்தாலே மூன்று தரம் இடி இடிக்கிறது. பார்க்கிறவர்களில் எனக்குக் கோபமில்லை, வேறு என்ன காட்டுகிறார்கள்?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பெடியள் குறும்படம் எடுக்கிறார்கள், நல்ல விசயம், ஆனால் ட்ரோனுக்குக் காசு தேடியே களைத்துப் போகிறார்கள். காணியை விற்பம் என்று வெளிநாட்டிலிருந்து மகன் ஃபோனில் சொல்ல, ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டு விறாந்தையில் இருக்கும் ஒரு தாய் போதாதா ஒரு மணி நேரப் படத்துக்கு?

மாதம் ஒரு பழைய தொலைக்காட்சிப் படத்தையாவது உங்கள் பக்கத்தில் அறிமுகம் செய்யுங்கள். அப்புறம், நம்மூர்ப் பெடியளுக்கு ஒரு மணி நேர நாடகப் பிரதிப் போட்டி வைத்து, நல்லதை ஏதாவது தமிழ்ச் சனல் எடுத்துப் போடும்படி கேட்டுப் பாருங்கள்.

வாசகர் ஒருவர்,
மாங்குளம்.