யானைக்கால் நோயாளிங்களுக்கு பேசின், சோப்பு, செருப்பு வாங்கணும், கை கொடுங்க

எல்லாருக்கும் வணக்கம். கமிட்டி சார்பா பணம் கேட்டுத்தான் எழுதுறேன், சுத்தி வளைக்கல.

யானைக்கால்னா பரம்பரை, சாபம்னு இன்னும் பேசிட்டு இருக்காங்க. அதெல்லாம் இல்லங்க, சாக்கடைத் தண்ணில முட்டை போடுற கியூலெக்ஸ் கொசு கடிச்சு கடிச்சுத்தான் இந்த நோயக் கொண்டுவர்ற புழு உடம்புக்குள்ள வருது, வந்தா 6, 8 வருஷம் நிணநீர்க் குழாய்ல (உடம்புல நிணநீர் ஓடுற மெல்லிய குழாய்) குடியிருக்கும், கால் வீங்குறது ரொம்ப நாள் கழிச்சுதான், அதனால அதுவரைக்கும் யாருக்கும் அவசரமா தெரியாது. உள்ளாட்சிக்கும் தெரியல. எந்தத் தெருவுல சாக்கடை தூர்வாரலன்னு பாருங்க, கூலிக்காரங்க இருக்குற தெருவாத்தான் இருக்கும். மனு கொடுத்தா "லிஸ்ட்ல இருக்கு"ன்னு பதில். எப்பவாவது புகை அடிக்கிற வண்டி வரும், போட்டோ எடுத்துக்குவாங்க, அந்தப் புகை பறக்குற கொசுவத்தான் கொல்லும், தண்ணில நெளியுற கொசுக்குஞ்ச ஒண்ணும் பண்ணாது.

வயித்தெரிச்சல் என்னன்னா இது ஒழிக்க முடிஞ்ச வியாதி. இலங்கையும் மாலத்தீவும் 2016லயே ஒழிச்சுட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கே மாத்திரை, ஊர்ல 100ல 65 பேராவது முழுங்கணும், குறைஞ்சது 5 வருஷம் விடாம. இங்க மாத்திரைய கைல கொடுத்து கையெழுத்து வாங்கிட்டு போயிடுறாங்க, முழுங்கினாங்களான்னு யார் பாத்தா?

சாக்கடைய நாமளே காசு போட்டு அள்ளிடலாமேன்னு கமிட்டில சிலர் சொன்னாங்க, பெரிய சண்டையே ஆச்சு. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். ஒரு தடவை நாம செஞ்சுட்டா அப்புறம் அது நம்ம தலையிலயேதான், அவங்க வேலைய அவங்கதான் செய்யணும், அதுக்கு மனு மேல மனு போட்டுட்டுத்தான் இருக்கோம்.

ஆனா ஏற்கனவே கால் வீங்கினவங்க அதுவரைக்கும் காத்திருக்க முடியாதே. தினமும் சோப்பு போட்டு கழுவி, விரலிடுக்கு ஈரம் போக ஒத்தி எடுத்து, புண் இருந்தா களிம்பு போட்டா, அடிக்கடி வர்ற குளிர்காய்ச்சலும் வலியும் நல்லாவே குறையும், ஏன்னா அந்தப் புண் வழியாத்தான் கிருமி உள்ள போகுது. காய்ச்சல் வந்தா அன்னைக்கு கூலியும் போச்சு. அதனால ஆளுக்கு ஒரு பேசின், மக், சோப்பு, துண்டு, களிம்பு. அப்புறம் செருப்பு. கடைல அந்த சைஸ் கிடைக்காது, அளவெடுத்து தைக்கணும், செலவு இதுலதான் இழுக்குது. இதே நோயால விரைவீக்கம் (விதைப்பை வீங்குறது) இருக்குற ஆம்பளைங்க வெளில சொல்லவே கூச்சப்படுறாங்க, ஆபரேஷன் பண்ணா சரியாகிடும், அவங்கள ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போய் வர்ற செலவும் இதுல இருக்கு, பேரு யாருக்கும் தெரியாது.

பணம் கொடுத்தவங்க தயவுசெஞ்சு போட்டோ கேக்காதீங்க, யார் காலையும் படம் பிடிச்சு போட மாட்டோம். பில்லு அத்தனையும் பொருளாளர்கிட்ட இருக்கும், எப்ப வேணா பாக்கலாம். எவ்வளவு சின்ன தொகையா இருந்தாலும் ரசீது உண்டு. காசா முடியாதவங்க சோப்பு, புதுத் துண்டு கொடுங்க. பழைய துணி வேண்டாம். அதுவும் முடியலன்னா ராத்திரி 10 மணிக்கு மேல எங்ககூட வீடு வீடா வாங்க, அந்தப் புழு போடுற குஞ்சு பெரும்பாலும் அந்த நேரத்துலதான் ரத்தத்துல சுத்தும், அப்போ ரத்த டெஸ்ட் எடுக்க வர்றவங்களுக்கு வீட்டைக் காட்டவும் கதவைத் தட்டவும் ஆள் பத்தல.